ஒரு கால் சுற்றுப் பிழை: கொக்குவிலில் கட்டப்பட்ட லெகோ புகாட்டி சிரோன் பற்றிய நிகழ்வு ஆய்வு

லெகோ செட்டுகளில் எதைக் கட்டுவது கடினம் என்று கேட்டால், எல்லாரும் முதலில் பார்ப்பது பெட்டியின் மேலுள்ள எண்ணைத்தான். அந்தக் கணக்கின்படி 2021இல் வந்த உலக வரைபடம் (31203) 11,695 துண்டுகளோடு முன்னால் நிற்கும். 2022இல் வந்த ஈபெல் கோபுரம் (10307) 10,001 துண்டு, டைட்டானிக் (10294) 9,090, கொலோசியம் (10276) 9,036. வெறும் 3,599 துண்டுகளே உள்ள புகாட்டி சிரோன் கார் (42083), பற்சில்லும் அச்சுமாக உள்ளே இயங்கும் டெக்னிக் வகையைச் சேர்ந்தது, இந்த வரிசையில் எங்கோ கீழே கிடக்கும். கட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை ஏறத்தாழத் தலைகீழாகத் தெரியும்.

உலக வரைபடத்தில் 16க்கு 16 குமிழ் கொண்ட 40 தட்டுகள் இருக்கின்றன. மொத்தம் 10,240 குமிழ்கள். அவற்றின் மேல் சிறு வட்டத் துண்டுகளை அமர்த்திக்கொண்டே போவதுதான் வேலை. ஒன்றை இடம் மாறி வைத்தால் அந்த இடம் மட்டும் பிழை. பக்கத்துத் துண்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கிளப்பி மாற்றிவிட்டால் முடிந்தது. விரல் நுனி உளையும், கண் எரியும்; அவ்வளவுதான். சிரோனில் அப்படியில்லை. கியர் பெட்டிக்குள் ஒரு துண்டு கால் சுற்று மாறியிருந்தால், சில்லைச் சுழற்றிக் கியர் மாற்றிப் பார்க்கும்வரை அது வெளியே தெரியாது. அதற்குள் அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான துண்டுகள் பூட்டப்பட்டிருக்கும்.

ஆகவே கடினத்தை அளக்க எங்களுக்குச் சரியாகப் படும் கோல் இது: பிழை நடந்த படிக்கும் அது தெரியவரும் படிக்கும் இடையில் எத்தனை படிகள் கிடக்கின்றன? துண்டுகளின் தொகை சொல்வது நேரத்தை மட்டும்.

இங்கே ஆராயப்படுவது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு வீட்டில் கட்டப்பட்ட சிரோன். கட்டியவர்கள் உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவில் படிக்கும் ஒரு பையனும், மோட்டார் சைக்கிள் திருத்தும் அவனுடைய தாய்மாமனும். இருவரும் பொறுமையும் கைப்பழக்கமும் உள்ளவர்கள். அப்படியிருந்தும் மூன்று பிழைகள் உள்ளே போயின. மூன்றும் வந்த வழி வேறுவேறு. அதனால்தான் இந்த நிகழ்வு விரிவாக எழுதத் தகுந்தது.

செட்டும் அதன் உள்ளமைப்பும்

42083 வெளிவந்தது 2018இல். உண்மை வாகனத்தின் எட்டில் ஒரு பங்கு அளவு; நீளம் 56 சென்ரிமீற்றர், அகலம் 25, உயரம் 14. பின்பக்கம் 16 உருளை எஞ்சின். சில்லு சுழலும்போது பிஸ்டன்கள் ஏறி இறங்கும். ஸ்ரேறிங்குக்குப் பின்னால் இரண்டு சிறு நெம்புகள், அவற்றை இழுத்தால் எட்டு வேகக் கியர் பெட்டி ஒவ்வொரு படியாக மாறும். (உண்மையான சிரோனுக்கு ஏழு வேகம்தான், மொடலுக்கு ஒன்று கூட.) பின் இறக்கையை ஏற்றி இறக்கத் தனியாக ஒரு சாவித்துண்டு உண்டு.

கட்டும் முறையில் ஒரு விசேஷம் இருக்கிறது. எஞ்சினும் கியர் பெட்டியும் உள்ள பின்பாதி தனியாகவும் முன்பாதி தனியாகவும் கட்டப்பட்டு, பிறகு இரண்டும் ஒரே தடவையில் பொருத்தப்படும். பிரான்சின் மோல்சைமில் உண்மை வாகனத்தைச் சேர்க்கும் முறையை ஒட்டி வடிவமைத்தது இது. அழகான வேலை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டுபவருக்கு அதுவே ஒரு எல்லைக்கோடு: பொருத்துவதற்கு முன் கண்டுபிடித்த பிழையைத் திருத்த அரை மணித்தியாலம் போதும், பொருத்திய பின் கண்டுபிடித்தால் ஒரு முழு நாள் போய்விடும்.

வந்து சேர்ந்த விதம்

யாழ்ப்பாணத்துக்குப் பெரிய லெகோ செட்டுகள் பெரும்பாலும் சூட்கேசில்தான் வருகின்றன. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற உறவினர் கொண்டுவருவது. இந்தச் செட்டும் ரொறன்ரோவிலிருந்து அப்படி வந்ததுதான். ஒரு சூட்கேசுக்கு 23 கிலோ என்ற கணக்கில், இடம் பிடிக்கிறது என்று அட்டைப்பெட்டி அங்கேயே விடப்பட்டது. உள்ளேயிருந்த இலக்கமிட்ட பைகளுக்குள் காற்று நிறைந்திருந்ததால் அவையும் வெட்டப்பட்டு, துண்டுகள் எல்லாம் சில பெரிய பிளாஸ்ரிக் பைகளில் கொட்டப்பட்டன. பாரமான செய்முறைப் புத்தகமும் விடுபட்டது. அதைத்தான் கொம்பனியின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாமே என்ற நினைப்பு.

கொண்டுவந்தவர் அன்போடு செய்த காரியம்தான். ஆனால் மூன்று காவல்கள் ஒரே நாளில் போயின.

முதலாவது, பை இலக்கம். ஒரு கட்டத்துக்குரிய பையில் அந்தக் கட்டத்துக்கு வேண்டிய துண்டுகள் மட்டும்தான் இருக்கும். தவறான துண்டை எடுத்தால் கட்ட முடிவில் ஒன்று குறையும், ஒன்று மிஞ்சும், உடனே பிடித்துவிடலாம். எல்லாம் கலந்தால் அந்தப் பரிசோதனை செட்டின் கடைசிப் பக்கம்வரை தள்ளிப்போகிறது.

இரண்டாவது, அச்சின், அதாவது பற்சில்லுகளைக் கோக்கும் தண்டின், நீளம். அச்சடித்த புத்தகத்தில் அச்சுகள் உண்மை அளவிலேயே வரையப்பட்டிருக்கும். துண்டைப் படத்தின் மேல் வைத்து ஒப்பிடலாம். கைபேசித் திரையில் அந்த அளவு போய்விடுகிறது. படத்துக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் போட்ட எண் மட்டும்தான் துணை.

மூன்றாவது, நிறம். இந்தச் செட்டின் உட்பகுதி பெரும்பாலும் கறுப்பு, கடுஞ்சாம்பல், கடுநீலம். கண் கூசாமலிருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதியை இரவில் போட்டுவிட்டால் கறுப்பும் கடுஞ்சாம்பலும் ஒன்றுபோலத் தெரியும். குறைந்த ஒளியில் வேலை செய்யும்போது இன்னும் மோசம்.

யாராவது கொண்டுவரப் போகிறார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: அட்டைப்பெட்டியை விடலாம், புத்தகத்தையும் பைகளையும் விடக்கூடாது. காற்றை எடுக்கப் பையை வெட்டத் தேவையில்லை. மூலையில் குண்டூசியால் இரண்டு துளை போட்டு அமத்தினால் தட்டையாகிவிடும். புத்தகத்தைச் சூட்கேசின் அடியில் உடுப்புகளுக்கு நடுவே வைக்கலாம். ஸ்ரிக்கர்த் தாள் மடங்கிவிட்டால் பிறகு நேராகாது. அதைப் புத்தகத்துக்குள்ளேயே செருகி அனுப்பச் சொல்லவேண்டும்.

தரம் பிரித்தல்

கலந்து வந்த 3,599 துண்டுகளைப் பிரிக்காமல் கட்டத் தொடங்கினால் ஒவ்வொரு படிக்கும் தேடுவதிலேயே பொழுது போகும். கொக்குவிலில் இதை ஒழுங்காகச் செய்தார்கள். முதலில் பெரிய துண்டுகள்: சில்லு, ரயர், உடற்தகடு, சட்டகம். பிறகு துளைச்சட்டங்கள், துளை எண்ணிக்கைப்படி. டெக்னிக் நேர்ச்சட்டங்கள் பெரும்பாலும் 3, 5, 7, 9, 11, 13, 15 என ஒற்றைப்படையில் வருவதால் இது வேகமாக நடக்கும். மூன்றாவதாக அச்சுகள். ஓர் அலகு 8 மில்லிமீற்றர். ஆகவே 4 என்ற அச்சு ஏறத்தாழ 32 மில்லிமீற்றர், 5 என்றால் 40. அடிமட்டத்தை மேசையில் ஒட்டிவைத்தால் சந்தேகம் வராது. இந்தச் செட் வந்த காலத்தில் இரட்டைப்படை அச்சுகள் பெரும்பாலும் கறுப்பு, ஒற்றைப்படை வெளிர்சாம்பல், 2 மட்டும் சிவப்பு. நான்காவதாகப் பற்சில்லுகள், பல் எண்ணிக்கைப்படி. கடைசியாகப் பின்கள், அதாவது சட்டங்களைத் துளைவழியே இணைக்கும் சிறு முளைகள்.

பின்களைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் டெக்னிக் செட்டுகளில் மறைவான பிழைகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. கறுப்பு நிறக் குட்டைப் பின்னும் நீல நிற நீளப் பின்னும் இறுக்கமானவை. உடலில் மெல்லிய வரம்பு இருப்பதால் துளைக்குள் உராய்ந்து பிடித்துக்கொள்ளும். வெளிர்சாம்பல் குட்டைப் பின்னும் மண்ணிற நீளப் பின்னும் வழவழப்பானவை, சுகமாகச் சுழலும். ஒரு பாதி பின்னாகவும் மறு பாதி அச்சாகவும் உள்ள துண்டிலும் இதே வித்தியாசம்: நீலம் இறுக்கம், மண்ணிறம் தளர்வு. இறுக்கமான பின் சட்டங்களை அசையாமல் பிடிக்க. தளர்வானது நெம்பும் மூட்டும் அசைய. இரண்டும் ஒரே துளைக்குள் ஒரேமாதிரி நுழையும். மாறிப்போனாலும் அந்த இடத்தில் எதுவும் காட்டிக்கொடுக்காது.

பிரிப்பதற்குப் பனையோலைச் சுளகு மிக நன்றாக உதவியது. வெளிறிய ஓலையின் மேல் கறுப்பும் கடுஞ்சாம்பலும் தனித்தனியாகத் தெரியும், ஓரம் உயர்ந்திருப்பதால் பின்கள் உருண்டு ஓடாது. சீமெந்து நிலத்தில் நேரே கொட்டினால் ஒரு கால்வீச்சில் பத்துத் துண்டு அலுமாரிக்கு அடியில் போய்விடும். பிரித்த பின் செய்முறையின் கடைசிப் பக்கங்களிலுள்ள துண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணவேண்டும். இங்கே சட்டங்களையும் தகடுகளையும் எண்ணினார்கள். அச்சுகளை நீளம் பார்த்து எண்ணினார்கள். தலையுள்ள அச்சையும் தலையில்லாத அச்சையும் வேறுவேறாக எண்ணவில்லை. முதற் பிழை அந்த இடைவெளியால் நுழைந்தது.

கியர் பெட்டி: பிழை பிறந்த இடம்

தொடர்வரிசையில் மாறும் டெக்னிக் கியர் பெட்டிகள் எல்லாவற்றின் அடிப்படையும் ஒன்று. அச்சின் மேல் சில பற்சில்லுகள் அச்சோடு ஒட்டாமல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். அவற்றின் பக்கத்தில் ஒரு வளையம், அச்சோடு சேர்ந்து சுழலும், ஆனால் அச்சின் வழியே நகரவும் கூடியது. வளையம் நகர்ந்து ஒரு பற்சில்லின் பக்கப் பற்களைக் கடித்தால் அந்தப் பற்சில்லு அச்சோடு பூட்டப்பட்டு விசை கடத்தும். வளையத்தைத் தள்ளுவது ஒரு சுழல் கொண்டி. கொண்டி இருப்பது இன்னொரு அச்சில்; அதுதான் தெரிவு அச்சு. நெம்பை ஒருமுறை இழுக்க அந்த அச்சு 90 பாகை திரும்பும், கொண்டியின் வரம்பு வளையத்தை ஒரு பக்கம் தள்ளும், அல்லது நடுவில் நிறுத்தும்.

எட்டு வேகத்துக்கு இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட கொண்டிகள் ஒன்றையொன்று அனுசரித்துத் திரும்பவேண்டும். ஒரு வளையம் கடிக்கும்போது அதற்கு எதிரான வளையம் விலகியிருக்கவேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கடித்தால் ஒரே அச்சை இரண்டு வேகத்தில் சுழற்றப் பார்க்கிற நிலை வரும். முழுப் பெட்டியும் பூட்டுப்பட்டு நிற்கும்.

இனி நெருக்கடி எங்கே என்று பார்க்கலாம். லெகோ அச்சின் குறுக்குவெட்டு கூட்டல் அடையாள வடிவம். ஆகவே கொண்டியை அந்த அச்சில் நான்கு விதமாகச் செருகலாம். நான்கும் ஒரே சுகத்தோடு பொருந்தும். அதில் ஒன்றுதான் சரி. படத்தில் சரியான நிலையைக் காட்டுவது கொண்டியின் மேலுள்ள ஒரு சிறு வரம்பு மட்டுமே. கைபேசித் திரையில் அது எள்ளளவு கோடு. விரலால் பெருப்பித்துப் பார்த்தால்தான் தெரியும். கொக்குவில் சிரோனில் ஒரு கொண்டி கால் சுற்று மாறிப்போனது இப்படித்தான்.

கியர் பெட்டி முடிந்ததும் பையன் விசை உள்ளே வரும் உள்ளச்சைத் திருப்பிப் பார்த்தான், சுழன்றது, சரி என்று அடுத்த படிக்குப் போனான். ஒரு நிலையில் மட்டும் சோதித்தது போதாது. இந்த இடத்தில் செய்யவேண்டியது இது:

கியர் பெட்டியை மேசையில் தனியாக வைத்து, விசை வெளியேறும் வெளியச்சின் நுனியில் ஒரு சிறு வெள்ளைத் தாள்துண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். உள்ளச்சைச் சரியாகப் பத்துச் சுற்றுத் திருப்பி, வெளியச்சு எத்தனை சுற்று வந்தது என்று எழுதுங்கள். தெரிவு அச்சைக் கால் சுற்று முன்னே திருப்பி மறுபடி எண்ணுங்கள். எட்டு நிலைக்கும் எட்டு எண் கிடைக்கும். அவை ஒழுங்காகக் கூடிக்கொண்டே போகவேண்டும். இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தால் இரண்டு பற்சில்லுகள் மாறிப் பூட்டப்பட்டிருக்கின்றன. ஒரே எண் அடுத்தடுத்து இரண்டுதரம் வந்தால் ஒரு வளையம் நகரவில்லை. அச்சு அசையவே மறுத்தால் இரண்டு வளையங்கள் சேர்ந்து கடிக்கின்றன, அதாவது ஒரு கொண்டி திரும்பியிருக்கிறது. எல்லா நிலையிலும் சுழன்றும் இறுக்கமாக இருந்தால் எங்கோ புஷ், அதாவது அச்சு நகராமல் பிடிக்கும் சிறு வளையத்துண்டு, சட்டத்தோடு ஒட்டி அமர்ந்திருக்கிறது. ஒரு தாள் தடிப்பு இடைவெளி விட்டு நகர்த்தினால் இளகும். பிறகு எட்டிலிருந்து ஒன்றுவரை பின்னோக்கியும் இதைச் செய்யவேண்டும், ஏனென்றால் சில பிழைகள் இறங்கும்போது மட்டும் தலைகாட்டும். எல்லாம் சேர்த்து இருபது நிமிட வேலை.

இணைப்புக்குப் பிறகு

முன்பாதியும் பின்பாதியும் பொருந்தின, ஸ்ரேறிங்கும் நெம்புகளும் பூட்டப்பட்டன, உடற்தகடுகள் ஏறத்தொடங்கின. நெம்பை இழுத்து மாற்றிப் பார்த்தபோது முதல் நான்கு கியரும் ஓடின. ஐந்தாவதில் பின் சில்லு கல்லாக நின்றது.

"மாமா, அஞ்சுக்குப் போட்டால் சில்லு அசையுதில்லை."

"மருமோன், பெலமாத் திருப்பாதை. நாலும் ஓடுதெண்டால் எஞ்சினிலை பிழையில்லை. மாத்திற இடத்திலைதான் ரண்டு ஒண்டாக் கடிக்குது. தகட்டைக் கழட்டு, பாப்பம்."

அந்தச் சொல் செட்டைக் காப்பாற்றியது. பூட்டுப்பட்ட பெட்டியைப் பலமாகத் திருப்பினால் முதலில் முறுகுவது நீள அச்சு; முறுகிய அச்சு பழைய நிலைக்கு வராது, அதன்மேல் ஏறிய கொண்டிகளின் கோணமும் அதோடு சரிந்துவிடும். அச்சு முறுகியிருக்கிறதா என்று பார்க்க, கழற்றி ஒரு நுனியிலிருந்து கண்ணால் நேர் பிடித்துப் பார்க்கவேண்டும். நான்கு வரம்பும் கடைசிவரை நேராக ஓடவேண்டும்.

பரிசோதித்தபோது வேறு இரண்டு குறைகளும் அகப்பட்டன. ஒரு நெம்பு இழுத்தபின் தானாகத் திரும்பவில்லை. அதன் மூட்டில் சாம்பல் பின்னுக்குப் பதில் கறுப்புப் பின் இருந்தது. மற்றது நுணுக்கமானது. மூன்றாம் கியரில் விட்டுவிட்டு ஒரு 'டிக்' சத்தம் கேட்டது. அங்கே தலையுள்ள கடுஞ்சாம்பல் 4 அச்சு வரவேண்டிய இடத்தில் தலையில்லாத கறுப்பு 4 அச்சு போயிருந்தது. நீளம் ஒன்றே, ஆகவே பூட்டும்போது எதுவும் இடிக்கவில்லை. ஆனால் தலை இல்லாததால் சுழலச் சுழல அச்சு இரண்டு மூன்று மில்லிமீற்றர் வெளியே நகர்ந்து, பற்சில்லின் அரைப்பல் மட்டும் கடித்துக்கொண்டிருந்தது. தரம் பிரித்தபோது அந்த இரண்டு வகை அச்சையும் சேர்த்து எண்ணியதன் விளைவு இவ்வளவு தூரம் தள்ளி வெளியே வந்தது.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த அறிகுறி எந்தக் காரணத்தைச் சுட்டுகிறது என்பது தெளியும். ஒரு குறித்த கியரில் மட்டும் பூட்டுப்படுவது கொண்டியின் கோணம். திரும்பி வரவேண்டியது வராமல் நிற்பது பின்னின் உராய்வு. சத்தத்தோடு வழுக்குவது அச்சு நகர்வது அல்லது சட்டம் வளைவது. இந்த மூன்றும் ஒன்றையொன்று மறைக்கக்கூடியவை என்பதால், ஒன்றைத் திருத்தி ஒருமுறை எட்டுக் கியரையும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொடவேண்டும்.

திருத்திய முறை

முழுவதையும் கழற்றத் தேவையில்லை. முன்பாதியையும் பின்பாதியையும் பிடிக்கும் பின்களை முதலில் கண்டுபிடித்து, செய்முறையை அந்தப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டிக்கொண்டு போனார்கள். கழற்றிய ஒவ்வொரு தொகுதியும் கழற்றிய வரிசையிலேயே மேசையில் இடமிருந்து வலமாக வைக்கப்பட்டது; கழற்றுமுன் கைபேசியில் ஒரு படம். ஆழத்தில் கிடக்கும் அச்சையும் பின்னையும் தள்ள, லெகோவின் செம்மஞ்சள் கழற்றியின் கூரான நுனி போதும். அது அச்சுத்துளைக்குப் பொருந்தும் வடிவில் செய்யப்பட்டது. கத்தி, திருகாணிச் சாவி எதுவும் உள்ளே போகக்கூடாது. துளையின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலே அடுத்துச் செருகும் பின் இளகும்.

தெரிவு அச்சை வெளியே இழுத்து, கொண்டியைக் கால் சுற்றுத் திருப்பி, அச்சை மறுபடி செருகினார்கள். அந்தத் திருத்தம் மட்டும் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அதை அடைவதற்கும் அதிலிருந்து வெளியே வருவதற்கும்தான் ஒரு நாள் சென்றது.

எல்லாம் முடிய என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கவேண்டும். பின், அரைப்புஷ் போன்ற சிறு துண்டுகள் ஒன்றிரண்டு மேலதிகமாகவே வரும். நீள அச்சோ துளைச்சட்டமோ மிஞ்சினால் அது மேலதிகம் அல்ல. எங்கோ விடுபட்டிருக்கிறது அல்லது மாறியிருக்கிறது.

இதே கோலால் மற்றச் செட்டுகள்

டைட்டானிக் 1:200 அளவு, 135 சென்ரிமீற்றர் நீளம். கப்பல் மூன்று துண்டாகப் பிரியும், உள்ளே மாடிப்படியும் எஞ்சின் அறையும் தெரியும். இங்கே கடினம் இயந்திரத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. குமிழ்களுக்கிடையில் 8 மில்லிமீற்றர், தட்டின் தடிப்பு 3.2. ஐந்து தட்டை அடுக்கினால் 16 மில்லிமீற்றர், அதாவது சரியாக இரண்டு குமிழ் அகலம். துண்டுகளைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டுவதெல்லாம் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. உட்சட்டத்தில் ஒரு குமிழ் பிசகினால் பல பக்கம் தாண்டி வெளிச்சுவர் அமரும்போது முகப்பு மட்டமாக வராது. ஒரு பகுதி முடிந்ததும் நேரான மட்டப்பலகையை மேலே வைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கவேண்டும்.

மலிவான நகல் செட்டுகள் இங்கேதான் கைவிடும். 135 சென்ரிமீற்றர் என்பது ஏறத்தாழ 168 குமிழ் இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் 0.02 மில்லிமீற்றர் கூடினாலே கடைசியில் 3.4 மில்லிமீற்றர் விலகல். மூன்று பகுதிகளும் முகத்தோடு முகம் பொருந்தாது. சிறிய வீடொன்றைக் கட்டும்போது இந்த விலகல் தெரியவே தெரியாது. டைட்டானிக்கின் கடைசி வேலையான பாய்மரக் கயிறுகளில் அவசரம் கூடாது. கயிற்றின் இழுவையைக் கூட்டிக் குறைக்க வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கூட இழுத்தால் மரம் சாயும். ஆகவே முன்னும் பின்னும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கவேண்டும்.

ஈபெல் கோபுரம் நான்கு கால், செய்வதெல்லாம் நான்குமுறை. ஒரு பிழையும் நான்காகப் பெருகும். நான்கையும் ஒரேயடியாக வரிசையில் கட்டுவது வேகம்தான், ஆனால் முதலில் ஒரு காலை முழுதாக முடித்து, அடித்தளத்தில் பொருத்திப் பார்த்து, பிறகு மற்ற மூன்றையும் வரிசையில் கட்டுவதே நல்லது. உயரம் 149 சென்ரிமீற்றர். நான்கு பகுதியாகக் கழன்றுவரும், இடம் மாற்றுவதானால் கழற்றித்தான் தூக்கவேண்டும். மேசைமேல் வைப்பவர்கள் முதலில் மின்விசிறியின் உயரத்தை அளக்கவேண்டும்.

கொலோசியத்தில் வளைவுகள் திரும்பத் திரும்ப வரும். சலிப்பே அதன் சிரமம், பிழை உடனே கண்ணில் படும். 3,662 துண்டுப் பியானோ (21323) வேறு ரகம். 25 கட்டைகளில் ஒன்று அரை மில்லிமீற்றர் சரிந்தால் பக்கத்துக் கட்டையையும் இழுத்துக்கொண்டு கீழே போகும். ஒவ்வொரு கட்டையையும் செருகியவுடன் தட்டிப் பார்த்து, தானாக எழும்புகிறதா என்று உறுதிசெய்தபின் அடுத்ததைச் செருகினால் சிக்கல் சேராது.

சிரோனுக்கு ஈடாக நாங்கள் வைப்பது 4,108 துண்டு லீபெர் ஆர் 9800 அகழி இயந்திரம் (42100). ஏழு மோட்டார், இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் நான்கு செருகுவாய். வயர்கள் எல்லாம் ஒரே நிறம், எந்த வயரும் எந்த வாயிலும் பொருந்தும். மாறிச் செருகினால், முழுதும் கட்டி முடித்துக் கைபேசிச் செயலியோடு இணைத்த பிறகு, கையை உயர்த்தச் சொன்னால் வண்டி நகரும். பரிகாரம் எளிது: செருகும்போதே ஒவ்வொரு வயரின் இரண்டு நுனியிலும் ஒரே எழுத்து எழுதிய தாள்பட்டியைச் சுற்றிவிடவேண்டும். வயர் ஓடும் பாதையையும் படத்தில் உள்ளபடியே விடவேண்டும். சுழலும் மேற்பகுதிக்குக் கீழே நெரிபட்டால் பிறகு தேடுவது பெரும்பாடு.

இங்குள்ள காற்றும் தண்ணீரும்

சோளகக் காலத்தில் விறாந்தையில் பாதி கட்டிய டெக்னிக் செட்டைத் திறந்து வைத்தால் செம்மண் தூசு பற்சில்லுக்குள் போகும். இரவில் ஒரு பழைய பருத்தித் துணியால் மூடினால் போதும். கழுவ நேர்ந்தால் 40 பாகை செல்சியசுக்கு மேற்படாத தண்ணீரும் மென்மையான சவர்க்காரமும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. காய்ந்ததும் கறுப்புத் துண்டுகளில் வெள்ளைப் படிவு விடும், துளைக்குள் படிந்தால் பின் இறுகும். ஆகவே கடைசி அலசலை மழைத்தண்ணீரில் அல்லது வடிகட்டிய தண்ணீரில் செய்து, நேர் வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிடவேண்டும். வெயில் பட்டால் வெள்ளையும் வெளிர்நிறமும் நாளடைவில் மஞ்சளாகும். மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் தண்ணீர் காணக்கூடாது. 42100இல் ஒரு பெட்டிக்கு ஆறு பற்றரி, மொத்தம் பன்னிரண்டு. காட்சிக்கு வைக்கும்போது பன்னிரண்டையும் கழற்றிவிடவேண்டும். குருநகர், பாசையூர்ப் பக்கம் கடற்காற்றில் இருப்பவர்கள் தொடுதகடுகளை உலர்ந்த துணியால் இடைக்கிடை துடைத்தும் வரவேண்டும்.